நாற்பது போர் கேட்ட நாட்டின் நன்றி

நீர் குறையாத ஆறும் நெல் குறையாத களமும் உடைய நெடும்புனல் நாட்டை, நீதி குறையாமல் ஆண்டருளும் அரசியார், பகைவர்க்கு அரணும் பசித்தவர்க்கு அடுக்களையும் ஆகிய செங்கழுநீர் மாதேவியார் திருமுன்னிலைக்கு, காரைமேட்டு நாட்டு மன்னர் பெருங்கூத்தர் பணித்தபடி, அவர் அமைச்சன் உவர்க்குடி கிழான் வெண்ணாகன் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் கொற்றம் ஓங்குக. தங்கள் கோட்டை வாயில் திறந்தே இருக்குமளவு அமைதி நிலவுக. தங்கள் தொழுவங்களில் கன்றுகளின் குரல் ஓயாதிருக்க. இங்கே எம் மன்னரும் மக்களும் நலம். மாடுகளும் நலம் என்று எழுதும் பேறு இவ்வாண்டில் இப்போதுதான் எமக்கு வாய்த்தது. அதைத் தந்தவர் தாங்கள் என்பதால் நன்றி கூறவே இவ்வோலை எழுந்தது. நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அதைப் பின்னே சொல்கிறேன்.

முதற்கண் என் பிழையை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். இரண்டாண்டு மழை பொய்த்து, எம் நாட்டு வைக்கோல் எல்லாம் தீர்ந்து, உழவர் வீடுதோறும் எருதுகள் எழுந்து நிற்கவும் வலுவின்றிக் கிடந்த ஆனித் திங்களில், தங்களிடம் வைக்கோல் வேண்டி மூன்று ஏடு கொண்ட ஓலை ஒன்று எழுதினேன். முதல் இரண்டு ஏடுகளில் எம் மாடுகளின் நிலையைக் கல்லும் கரையும்படி விரித்திருந்தேன். அவ்விரண்டு ஏடுகளும் தங்களை அடையவில்லை. ஓலை கொண்டுவந்தவன் வழியில் ஒரு மரத்தடியில் உச்சிவெயிலுக்குக் கண் அயர்ந்திருக்கிறான். அங்கே நின்ற பட்டினிக் காளை ஒன்று அவன் பைக்குள் வாயை விட்டு, மஞ்சள் பூசிய ஏடுகள் இரண்டைச் சுவைத்துத் தின்றுவிட்டது. பசித்த மாட்டுக்கு அரச ஓலையும் ஆலிலையும் ஒன்றுதானே. அவனும் அச்சத்தால் வாய் திறவாமல், மிஞ்சிய மூன்றாம் ஏட்டை மட்டும் தங்கள் அவையில் வைத்து வணங்கித் திரும்பிவிட்டான்.

அந்த மூன்றாம் ஏட்டில் நான் எழுதியிருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது. "ஆகவே எமக்கு நாற்பது போர் வேண்டும். ஒன்று குறையினும் போதாது. ஆடி முதல் நாள் பாசியாற்றுத் துறையில் எம் ஆட்கள் காத்திருப்பர். தாங்களே நேரில் எழுந்தருளித் தரினும் பெருமகிழ்வு கொள்வோம்." வைக்கோற்போரைத்தான் சொன்னேன், தேவியாரே. உழவன் மகனாகப் பிறந்தவனுக்குப் போர் என்றதும் களத்து மேட்டில் குவிந்திருக்கும் வைக்கோல்தான் கண்ணில் நிற்கும். அரசர் குடியில் பிறந்தோர்க்கு வேறொன்று நிற்கும் என்பதை அமைச்சுத் தொழிலில் முப்பதாண்டு கழித்தும் நான் எண்ணாமற்போனேன்.

தாங்கள் விடுத்த மறுமொழியோ ஒரே வரி. நாற்பது எதற்கு, மறக்கவொண்ணாதபடி ஒன்றே தருகிறோம், நாமே நேரில் வருகிறோம் என்றிருந்தது. அதை அவையில் உரக்கப் படித்துவிட்டு, நாற்பது போர்க்கு ஈடாக ஒற்றைப் போர் தருகிறார் என்றால் நெடும்புனல் நாட்டு வைக்கோற்போர் எத்தனை பனை உயரம் இருக்கும் என்று வியந்தவனும் அடியேன்தான். அவ்வளவு பெரிய போரைப் பிரித்து ஏற்றுவதற்கு ஊர்தோறும் வண்டி திரட்டினேன். கயிறும் வைக்கோல் அள்ளும் கவைக்கோலும் எடுத்துவரச் சொல்லிப் பறையறைந்தேன்.

ஆடி முதல் நாள் துறையில் நிகழ்ந்ததைத் தாங்கள் அக்கரையில் யானைமேல் இருந்து கண்டீர்கள். இக்கரையிலிருந்து நாங்கள் கண்டதை இங்கே எழுதுகிறேன். நீரின்றி மணலாய்க் கிடந்த ஆற்றுக்கு அப்பால் வைக்கோல் வண்டிகளை எதிர்பார்த்து நின்ற எம் உழவர், வேல்களும் கேடயங்களும் வரிசை வரிசையாய் எழுவதைக் கண்டனர். காவலுக்கு இத்தனை பேரா என்று ஒருவன் கேட்டான். வைக்கோலுக்கு இவ்வளவு மதிப்புத் தரும் நாடு வாழ்க என்று மற்றொருவன் கவைக்கோலைத் தூக்கி ஆர்ப்பரித்தான். அவனைப் பார்த்து எல்லோரும் தூக்கினார்கள். அவற்றைப் படைக்கலம் என்று தங்கள் படைத்தலைவர் கொண்டதில் வியப்பில்லை. முரசு முழங்கியது. இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால், வைக்கோலுக்கு வந்த ஐந்நூறு உழவர் அந்த மணலிலேயே மாண்டிருப்பர்.

அப்போதுதான் தங்கள் படையின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வேல்வரிசையை விலக்கிக்கொண்டு ஆற்றுமணலில் இறங்கி நடந்து வந்தாள். அவளே வேம்பி. தங்கள் படைவண்டி எருதுகளுக்குத் தீனி பார்ப்பவள். நேரே எம் வண்டிகளிடம் வந்தாள். எவரையும் வணங்கவில்லை. பூட்டியிருந்த எருது ஒன்றின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, விலாவில் கை வைத்து எலும்பை எண்ணி, திரும்பி நின்று தங்கள் படை கேட்கக் கூவினாள். அவள் சொல்லை என் நடைக்கு மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பதால், அவள் சொன்னபடியே எழுதுவதைப் பொறுத்தருளுக. "ஏய், வேலைக் கீழ போடுங்கப்பா! இந்த மாட்டைப் பூட்டிக்கிட்டு எவனாச்சும் சண்டைக்கு வருவானா? இதுங்க கேட்டது வைக்கப்போரு!"

பின்பு யானைமேலிருந்து தாங்கள் சிரித்த சிரிப்பு இக்கரைக்குக் கேட்டது. தேவியாரே, எம் மன்னர் அவையில் எத்தனையோ இசை கேட்டிருக்கிறேன். அச்சிரிப்புக்கு ஈடாக ஒன்றையும் சொல்லமாட்டேன். ஐந்நூறு வீட்டுத் தாலி அதில் பிழைத்தது. அன்றே எம் மன்னர், இனிக் காரைமேட்டு ஓலைகளில் வைக்கோற் குவியலைப் படப்பு என்றே எழுத வேண்டும், வேறு சொல்லால் எழுதும் அமைச்சன் அதைத் தானே தின்ன வேண்டும் என்று ஆணையிட்டார். நான் தலைமேற் கொண்டேன்.

தாங்கள் சிரித்ததோடு நில்லாமல், போருக்கென்று கொண்டுவந்த தீனி வண்டிகள் அனைத்தையும் அங்கேயே எமக்கு அவிழ்த்துவிட்டீர்கள். தங்கள் நாட்டிலும் இவ்வாண்டு வைக்கோல் மிகுதியில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். அறிந்தபோது நன்றி இருமடங்காயிற்று. அத்தீனியைக் கன்று ஈன்ற பசுக்களுக்கும் கன்றுகளுக்கும் மட்டும் அளந்து போட்டோம். மூன்று வாரம் வந்தது. உழவு எருதுகள் ஏழாயிரமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றன. மழை வரும் நாளில் எருது இல்லையேல் உழவில்லை. உழவில்லையேல் மழை வந்தும் நாடில்லை. அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதை மறைக்க மனமில்லை.

துறையில் சந்தித்ததற்கு மறுநாள் விடியலில் தங்கள் படை திரும்பிப் போயிற்று. வேம்பி போகவில்லை. தன் பொறுப்பில் இருந்த ஒரு சோடி எருதுகளோடு துறையை அடுத்த எம் முதல் ஊரின் புறத்தே நின்றாள். விடை பெற்றாயா என்று கேட்டேன். பெற்றேன் என்றாள். அந்தச் சொல்லை நம்பினேன். அது உண்மையா என்று ஆராயாமல் விட்டது என் இரண்டாம் பிழை.

எம் நாட்டில் தீனி இல்லை என்று நாங்கள் புலம்பிய இடத்திலெல்லாம் அவள் தீனியைக் கண்டாள். முன்னாண்டுகளின் சோளத்தட்டை வேலியாகவும் விறகாகவும் ஊர்தோறும் கிடந்தது. வரகுத்தாள் குவிந்து கிடந்தது. மாடு அவற்றை மோந்துபார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அதனால் அவற்றைத் தீனியென்று நாங்கள் எண்ணியதே இல்லை. அவள் அவற்றைக் கையில் ஒடித்துப் பார்த்து, இவை கெட்டவை அல்ல, வேகாதவை என்றாள். சோற்றை நெருப்பில் வேகவைப்பதுபோல் இவற்றை மண்ணுக்குள் வேகவைக்க வேண்டும் என்றும், அதற்கு விறகு வேண்டா, மாட்டு மூத்திரமே போதும் என்றும் சொன்னாள்.

தேவியாரே, அப்போது என் முகம் போன போக்கை மன்னர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். மாடு கழித்ததை மாட்டுக்கே ஊட்டுவதா என்று சினந்தேன். அவள் சினக்கவில்லை. ஊர்தோறும் தொழுவத் தரையைச் சரிவாக்கி, ஓரத்தில் பானை புதைக்கச் சொன்னாள். தட்டையை விரலளவு நறுக்கி, பாய் விரித்த குழியில் ஓர் அடுக்குப் போட்டு, பானையில் பிடித்துவைத்த மூத்திரத்தை அதன்மேல் தெளித்து, காலால் மிதித்து, மறு அடுக்குப் போட்டு, இவ்வாறு குழி நிறைந்ததும் பாயால் மூடி, மூச்சுப் புகாமல் சேற்றால் மெழுகச் சொன்னாள். பூஞ்சணம் பிடித்த தட்டையையும் புகையேறிய கூரைத் தாளையும் கையால் தொட்டுத் தொட்டு விலக்கினாள்; அவை கொல்லும் என்றாள். மூடிய குழியை இருபத்தொரு நாள் தொடக் கூடாது என்றாள்.

ஒன்பதாம் நாள் நான் தொட்டேன். இது என் மூன்றாம் பிழை. அன்றைக்கு மட்டும் எண்பது எருதுகள் விழுந்திருந்தன. பொறுமையிழந்து ஒரு குழியைத் திறக்கச் சொன்னேன். தட்டை தட்டையாகவே இருந்தது. நாற்றம் மட்டும் கூடியிருந்தது. மாடுகள் பின்வாங்கின. போரில் தப்பிய எம்மை நஞ்சூட்டிக் கொல்ல நெடும்புனலார் விட்டுச்சென்ற ஆள் இவள் என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. சிலர் கல்லும் எடுத்தனர். அவள் கல்லை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "சோறு வேகறதுக்கு முன்னால மூடியத் தொறந்துட்டு, வேகலேன்னு சொன்னா எப்படிங்க ஐயா? இன்னும் பன்னண்டு நாளு. மொதல்ல என் மாட்டுக்குத்தான் போடுவேன். அதுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையும் அந்தக் குழியில தள்ளி மூடிடுங்க."

கல் எடுத்தவர்கள் கல்லைக் கீழே போட்டார்கள். திறந்த குழியை நானே மூடிச் சேற்றால் மெழுகினேன்.

இருபத்தொன்றாம் நாள் மன்னரே வந்து நின்றார். சேற்றுப் பூச்சை உடைத்துப் பாயை நீக்கியதும் எழுந்த நெடி கண்ணைக் கரித்தது. மன்னரும் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே தட்டை நிறம் மாறிப் பழுப்பேறி, கையில் எடுத்தால் துணிபோல் மடிந்தது. அதை நெடி போகும்வரை அரைநாள் காற்றில் உலர்த்தினாள். கைப்பிடி துவரைத் தோல் பொட்டும் சிறிது எள்ளுப் பிண்ணாக்கும் உப்பும் கலந்தாள். தன் எருதுகள் இரண்டின் முன்னே வைத்தாள். அவை மோந்தன. பின்பு தின்னத் தொடங்கின. தலை நிமிராமல் தின்றன. இரண்டு நாள் பொறுத்து, எம் எருதுகளுக்கு முதலில் ஒரு பிடி, பிறகு இரண்டு பிடி என்று பழக்கினாள். பால்மறவாக் கன்றுகளுக்கு இது ஆகாது என்று அவற்றைத் தூர நிறுத்தினாள். பத்தாம் நாள், எழ மாட்டாது என்று நான் கைவிட்டிருந்த எருது ஒன்று முன்கால் ஊன்றி எழுந்து, நின்று, அசைபோட்டது. அறுபது வயதில், ஊரார் நடுவில், நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். எருதுகள் அசைபோடுவதைப் பார்த்து அழுத முதல் அமைச்சன் நானாகத்தான் இருப்பேன்.

அதன்பின் நாடெங்கும் குழி வெட்டினோம். அவள் ஊர் ஊராய் நடந்தாள். கரும்புத்தோகை கண்ட இடத்தில் அதற்கொரு முறை, பயற்றங்கொடி கண்ட இடத்தில் அதற்கொரு முறை சொன்னாள். வெல்லம் காய்ச்சும் கொட்டிலில் எடுத்து எறியும் நுரையழுக்கைக் கூட நீரில் கரைத்துத் தாளின்மேல் தெளிக்கச் செய்தாள். மாடு தின்னாது என்று நாங்கள் எரித்துவந்தவற்றுக்கு எல்லாம் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஐப்பசியில் மழை இறங்கியபோது ஏழாயிரத்தில் ஐயாயிரத்து முந்நூறு எருதுகள் நுகத்தின் கீழ் நின்றன. எல்லா வயலும் உழுதாயிற்று. இப்போது துறையருகே இவ்வோலை எழுதும் சாளரத்துக்கு வெளியே நாற்று பச்சையாய்த் தெரிகிறது. இதற்கு எம்மிடம் உள்ள சொற்கள் போதா. எம் மன்னர் வேம்பிக்கு ஓர் ஊரையும் நூறு பசுவையும் தர முன்வந்தார். அவள் கைகூப்பி மறுத்து, என் வீடு அங்கே இருக்கிறது, போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

நான்கு நாளுக்கு முன் துறைவரை சென்று அவளை வழியனுப்பினோம். அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. அவள் விடை பெறவே இல்லை. படை தலைநகர் சேர்ந்து கலையுமுன் நீங்கியவர் மீண்டும் நாட்டுக்குள் கால் வைக்கலாகாது என்பது தங்கள் பாட்டனார் வகுத்த விதி என்றும், நீங்கியோர் பெயர் எழுதிய ஏட்டில் அவள் பெயரும் இருக்கிறது என்றும் எல்லைக் காவலர் உரைத்தனர். அவர்கள்மேல் குறையில்லை, விதியைக் காப்பது அவர் தொழில். இவ்விதி அவளுக்குத் தெரியும். தெரிந்தே அன்று மணலில் நின்று என்னிடம் பொய் சொன்னாள். விடை கேட்டால் கிடைக்காது, கிடைக்காவிட்டால் இந்த மாடுகள் செத்துப்போகும், அதனால் கேட்கவில்லை என்று இப்போது சொல்கிறாள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றதற்கு, சொன்னால் நீங்கள் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள் என்றாள். ஆம், அனுப்பியிருப்போம்.

விதியைக் குறை சொல்ல இவ்வோலை எழவில்லை. படை என்பது கட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதை நானும் அறிவேன். ஆனால் அவள் நீங்கிய படை போருக்குச் செல்லவில்லை, என் பிழையால் எழுந்து, தங்கள் சிரிப்பால் முடிந்தது என்பதை மட்டும் முன்வைக்கிறேன். குற்றத்துக்கு ஒருவர் வேண்டுமெனில் அதன் வேர் என் எழுத்தாணி. நான் வருகிறேன்; எத்தண்டம் ஆயினும் ஏற்கிறேன். இதை மன்னர் அறிவார். முதலில் சினந்து, பிறகு தம் கணையாழியைக் கழற்றி, இவ்வோலைக்கு அமைச்சன் முத்திரை போதாது, என் முத்திரையே இடுக என்றார். அவ்வண்ணமே காளை உருவம் பொறித்த காரைமேட்டு ஏறு முத்திரை இதன் அடியில் மன்னர் கையால் பதிந்தது. இம்முறை ஏடுகள் அனைத்தும் துளையில் கயிறு கோத்து, அரக்கு இட்டு, மாடு எட்டாத உயரத்தில் தூக்கி அனுப்பப்படுகின்றன.

இனி எஞ்சியது ஒன்றே. வேம்பிக்கு ஒரு மகள். பெயர் பொன்னி. மணமாகி வேற்றூரில் வாழ்பவள், முதற்பேறு தாய்வீட்டில் என்னும் வழக்கப்படி நிறைமாதமாய் வந்து, பூட்டிய வீட்டைக் கண்டு, தாய் துறையில் நிற்பதாகக் கேள்வியுற்று, அக்கரையில் வந்து நிற்கிறாள். ஆடியில் வேம்பி நடந்து கடந்த ஆறு, நாங்கள் வேண்டிக்கொண்ட மழையாலேயே இப்போது இரு கரையும் தொட்டு ஓடுகிறது. மூன்று நாளாகத் தாயும் மகளும் நீர்மேல் கூவிப் பேசுகிறார்கள். நேற்று மாலை முதல் மகளின் குரல் கேட்கவில்லை. கை அசைவது மட்டும் தெரிகிறது. ஓலையை ஏற்றிச்செல்லும் தங்கள் நாட்டு ஓடக்காரன் விதிக்கு அஞ்சித் தாயை ஏற்ற மறுக்கிறான்.

ஓலையின் முடிவில் கட்டளை எழுதுவது மரபு. தங்கள் நாட்டில் கட்டளையிட எமக்கு உரிமை இல்லை என்பதால் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஓடம் தங்கள் கரையில் கட்டிக் கிடக்கிறது, தேவியாரே. அவிழ்க்கச் சொல்லியருளுக.